கழன்று போகும் நட்டின் கதை

(எமது வானொலியின் மாதாந்த உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் ஊரில் ஒருவர் முன்னுக்குப் பின் முரணாகக் கதைத்தால் "அவருக்கு நட்டுக் கழண்டு போச்சு" என்று சொல்வோம். மனிதனின் மூளைக்கும் நட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிறுவயதில் நான் யோசித்ததுண்டு. இந்த மாத உரை அந்த நட்டைப் பற்றியதுதான். அதிலும், காரின் எஞ்சினில் மிகவும் கொதிக்கும் இடத்தில் இருக்கும் நட்டைப் பற்றியது. கணக்கு எழுதுகிறவனுக்கு இது என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

கடந்த குளிர்காலத்தில் எனது கார் காலையில் ஸ்ரார்ட் பண்ணியதும் பழைய தையல் மெசின் போல "டிக், டிக், டிக்" என்று சத்தம் போடத் தொடங்கியது. பத்து நிமிடம் ஓடியதும் சத்தம் அடங்கிவிடும். சத்தம் அடங்கினால் வருத்தம் மாறிவிட்டது என்றுதானே எல்லோரும் நினைப்போம்! நானும் அப்படித்தான் விட்டுவிட்டேன். ஒருநாள் மனைவி, "இஞ்சருங்கோ, காருக்குள்ள புகை மணக்குது, எனக்குத் தலையிடிக்குது" என்றார். கராஜுக்குக் கொண்டுபோனேன். எக்சோஸ்ற் மனிபோல்ட் நட்டுகள் இளகிவிட்டன என்று சொல்லி, இறுக்கிவிட்டு 40 பவுண் வாங்கினார்கள். இரண்டு கிழமையில் திரும்பவும் அதே சத்தம். மறுபடியும் இறுக்கினார்கள், இந்த முறை இன்னும் பலமாக. மூன்றாவது முறை இறுக்கும்போது நட்டுப் போட்டிருக்கும் ஸ்ரட் முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதைத் துளைத்து எடுத்துப் புதிது போட 320 பவுண்.

பணம் போனதை விட எனக்கு ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது. இதே எஞ்சினில் எத்தனையோ நட்டுகள் இருக்கின்றன. அவையெல்லாம் வருடக்கணக்காக அசையாமல் இருக்க, இந்த ஒரு வரிசை மட்டும் ஏன் திரும்பத் திரும்பக் கழல்கிறது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது அது என்னை இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோனது. ஒன்று 1991 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம். மற்றது இதே இலண்டன், இருநூறு வருடங்களுக்கு முன்.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்

எக்சோஸ்ற் மனிபோல்ட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் எரிந்த புகை வெளியே வரும் வாசல்கள் இருக்கின்றன. அந்த வாசல்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குழாயாக்கிச் சைலன்சருக்கு அனுப்பும் வார்ப்பிரும்புத் துண்டுதான் மனிபோல்ட். எஞ்சினுக்கும் அதற்கும் இடையில் புகை கசியாமல் ஒரு பக்கிங் இருக்கும். எஞ்சினில் செருகி நிற்கும் ஸ்ரட்டுகளில் நட்டுப் போட்டு அதை இறுக்கி வைத்திருப்பார்கள்.

எனது மாமா ஒஸ்ரின் ஏ55 கேம்பிறிட்ஜ் கார் ஒன்று வைத்து வாடகைக்கு ஓடினார். 1950களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் ஓடித்திரிந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த பின் வடக்கிற்குப் பெற்றோல் உட்பட எத்தனையோ பொருட்கள் தடை செய்யப்பட்டன. மின்சாரமும் இல்லை. அப்போதுதான் அந்தப் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. ஒரு சிறிய போத்தலில் பொன்போலக் காத்து வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபிரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் போகும் சைக்கிள்காரருக்குக் கண் எரியும்.

இது நாங்கள் மட்டும் செய்த விந்தை அல்ல என்பது இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிரித்தானிய விவசாயிகளும் இதைச் செய்திருக்கிறார்கள். வரி குறைந்த, மண்ணெண்ணெயைப் போன்ற ஒரு எரிபொருள் இங்கே உழவு இயந்திரங்களுக்கென்றே விற்கப்பட்டது. 1949 இல் வெளிவந்த பெர்குசன் டி.ஈ.டி. 20 உழவு இயந்திரத்தைப் பெற்றோலில் கிளப்பிச் சூடாக்கி, பின்பு அந்த எண்ணெய்க்கு மாற்றுவார்கள். வித்தியாசம் என்னவென்றால், அந்த இயந்திரம் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. மாமாவின் கார் அப்படியல்ல. மண்ணெண்ணெய் எஞ்சினுக்குள் இலகுவில் 'தட்டும்' எரிபொருள். அதைத் தவிர்க்கத் தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பிந்த வைப்பார்கள். தீ பிந்தினால், எரிதல் முடியும் முன்பே புகை வாசல் திறந்துவிடும். கொதிப்பு முழுவதும் மனிபோல்டின் தலையில் இறங்கும்.

அந்த எஞ்சினில் இன்னுமொரு சிக்கல். காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் குழாயும், புகை வெளியே வரும் குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருந்தன. சில ஸ்ரட்டுகளில் ஒரே தடித்த வோஷர் இரண்டு குழாய்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும். அந்த நட்டு இளகினால் ஒரு பக்கம் புகை கசியும், மறுபக்கம் வேண்டாத காற்று உள்ளே போய் எஞ்சின் நின்று நின்று ஓடும். இந்தியாவில் இருந்துவிட்டு வந்த நேயர்களுக்கு அம்பாசடர் காரைத் தெரிந்திருக்கும். 1959 இலிருந்து அதில் வந்த 1489 சி.சி. எஞ்சினும் இதே குடும்பம்தான். 2014 வரை கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் அந்தக் கார் தயாரிக்கப்பட்டது.

மாமாவின் காரைப் பார்த்த மெக்கானிக் அண்ணை அதிகம் படித்தவர் அல்ல. அவருடைய முறையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி, ஒன்று இடப்பக்கம் ஒன்று வலப்பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார். பிறகு காரைக் கொஞ்சத் தூரம் ஓடவிட்டு, நன்றாகக் கொதிக்க வைத்து, அப்படியே நிற்பாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். முழுவதும் ஆறிய பின் வந்து திரும்ப ஒருமுறை ஸ்பனர் வைத்துப் பார்ப்பார். மாமா அவசரப்படுத்தினால், "அண்ணை, இறுக்கிறது பெரிய வேலையில்லை. கொதிச்சு ஆறினாப் பிறகு வந்து பாக்கிறதுதான் வேலை" என்பார். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு விளங்க முப்பது வருடம் எடுத்தது.

லாம்பெத்தில் பிறந்த மரை

நட்டுக்குள்ளும் போல்ற்றிலும் சுற்றிச் சுற்றி ஓடும் வரியை மரை என்கிறோம். இன்று கடையில் ஒரு நட்டை வாங்கினால் அது எமது போல்ற்றில் ஏறும் என்பது எங்களுக்குச் சாதாரணம். பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு நட்டும் அதனுடைய போல்ற்றுக்கு மட்டுமே பொருந்தும். கழற்றும்போது எது எதற்குச் சோடி என்று அடையாளம் போட்டு வைக்க வேண்டும். மாறினால் வேலை கெட்டது.

இதை மாற்றியவர்களில் முக்கியமானவர் வூல்விச்சில் 1771 இல் பிறந்த ஹென்றி மோட்ஸ்லி. பூட்டுச் செய்வதில் பெயர்பெற்ற ஜோசப் பிராமாவின் பட்டறையில் வேலை செய்துவிட்டு, சம்பளம் போதாமல் வெளியேறித் தனியாகத் தொழில் தொடங்கியவர். 1800 ஆம் ஆண்டளவில் ஒரே அளவான மரையைத் திரும்பத் திரும்ப வெட்டக்கூடிய கடைசல் இயந்திரத்தைச் செய்தார். 1810 இல் அவருடைய பட்டறை வெஸ்ற்மினிஸ்ரர் பிறிட்ஜ் றோட்டுக்கு வந்தது. இன்று லாம்பெத் நோர்த் நிலக்கீழ் ரயில் நிலையம் இருக்கும் பகுதி அது. அவருடைய கடைசல் இயந்திரம் சவுத் கென்சிங்ரன் விஞ்ஞான அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ஆனால் மோட்ஸ்லியின் பட்டறைக்கு ஒரு மரை, அடுத்த பட்டறைக்கு வேறு மரை என்ற நிலை தொடர்ந்தது. 1825 இல் மோட்ஸ்லியிடம் வேலைக்கு வந்த ஜோசப் விற்வேர்த் என்ற இளைஞர் பின்னர் மன்செஸ்ரரில் சொந்தப் பட்டறை வைத்தார். அவர் செய்த வேலை என்னைப் போன்ற கணக்காளனுக்கு மிகவும் பிடித்தது. நாட்டின் பல பட்டறைகளிலிருந்தும் போல்ற்றுகளைச் சேகரித்தார். அவற்றை அளந்து சராசரி எடுத்தார். அந்தச் சராசரியை ஒரு அட்டவணையாக்கி 1841 இல் இலண்டன் சிவில் பொறியியலாளர் நிறுவனத்தில் சமர்ப்பித்தார். கால் அங்குலப் போல்ற்றுக்கு ஒரு அங்குலத்தில் 20 மரை, அரை அங்குலத்துக்கு 12 மரை, மரையின் கோணம் 55 பாகை. தன்னுடைய மரைதான் சரி என்று அவர் அடம்பிடிக்கவில்லை. எல்லோருடையதிலிருந்தும் ஒரு நடுவழி எடுத்தபடியால் எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். எங்கள் சங்கங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது!

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். பிலடெல்பியாவில் வில்லியம் செலர்ஸ் 1864 இல் 60 பாகைக் கோணத்தில் தமது முறையை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் இதன் விலை தெரிந்தது. இரு நாடுகளும் ஒன்றாகப் போரிட்டபோது ஒருவரின் நட்டு மற்றவரின் போல்ற்றில் சரியாகச் சேரவில்லை. 1948 நவம்பர் 18 ஆம் திகதி பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் வாஷிங்டனில் ஒரு பொது மரைக்கு ஒப்பமிட்டன. 1950களின் பிரித்தானியக் கார்களில் அந்தப் பொது மரை மெல்ல மெல்ல வந்தது.

இதனால் மெக்கானிக் அண்ணையின் பெட்டியில் மூன்று வகைச் சாவிகள் இருந்தன. பழைய சாமான்களுக்கு விற்வேர்த், ஒஸ்ரின் போன்றவற்றுக்கு அங்குல அளவு, யப்பான் வாகனங்களுக்கு மில்லிமீற்றர். இதில் ஒரு பொறியும் இருந்தது. பதினாறில் ஐந்து, அதாவது 5/16 அங்குல விற்வேர்த் மரையிலும் புதிய பொதுக் கரடு மரையிலும் அங்குலத்துக்கு 18 வரிதான். ஆனால் ஒன்றின் கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. ஆகவே ஒன்றின் நட்டு மற்றதில் ஏறும். ஏறும், ஆனால் முழுமையாகப் பொருந்தாது. சாமான் தட்டுப்பாட்டுக் காலத்தில் 'ஏறுதுதானே' என்று போட்ட நட்டுகள் பின்னர் கழன்றும் மரை தேய்ந்தும் போயின. அண்ணை ஒவ்வொரு நட்டையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றிப் பார்ப்பது இதனால்தான்.

நட்டைப் பிடித்து வைத்திருப்பது எது?

இனி எனது கேள்விக்கு வருகிறேன். நட்டு எதனால் நிற்கிறது? நாங்கள் நினைப்பது போல 'இறுக்கத்தால்' அல்ல. நட்டைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் இரும்பு நீள்கிறது. இறப்பர் போல இழுபட்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் பலம்தான் இரண்டு பாகங்களையும் சேர்த்து நெரித்து வைத்திருக்கிறது.

அந்த நீட்சி எவ்வளவு சிறியது தெரியுமா? நட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஸ்ரட்டின் 25 மில்லிமீற்றர் நீளம்தான் இருக்கிறது என்றால், நன்றாக இறுக்கினாலும் அது நீள்வது ஒரு மில்லிமீற்றரின் 20 இல் ஒரு பங்கு அளவுதான். தலைமயிரின் தடிப்பை விடக் குறைவு. அதற்காக நாங்கள் செலவழிக்கும் பலத்தின் கணக்கும் வேடிக்கையானது. ஸ்பனரில் 100 பங்கு பலம் போட்டால், ஏறத்தாழ 50 பங்கு நட்டின் அடிப்பக்க உராய்விலும் 40 பங்கு மரையின் உராய்விலும் போய்விடும். இரும்பை நீட்ட மிஞ்சுவது 10 பங்குதான். வருமானத்தில் 90 வீதம் செலவு, 10 வீதம் சேமிப்பு! மரை கறள் பிடித்திருந்தால் உராய்வு கூடி அந்தப் பத்தும் மிஞ்சாது. ஸ்பனர் கைக்கு இறுக்கமாகத் தெரியும், உள்ளே இழுவை இராது. எனது காரில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இறுக்கியவர் பலத்தைக் கூட்டினார். பலம் முழுவதும் கறளில் போயிற்று. கடைசியில் ஸ்ரட் முறிந்தது.

இந்தச் சிறிய சேமிப்பில்தான் மனிபோல்ட் மூன்று வழியில் கைவைக்கிறது.

முதலாவது பக்கிங். புதுப் பக்கிங் முதல் சில தடவை கொதித்து ஆறும்போது சற்று அமுங்கும். ஒரு மயிரளவு அமுங்கினால் போதும், ஸ்ரட்டின் நீட்சி முழுவதும் போய்விடும்.

இரண்டாவது வெப்பம். எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது பெற்றோல் காரின் புகை 800 பாகை செல்சியஸுக்கு மேலும் போகும். அந்தச் சூட்டுக்கு அருகில் நெடுநேரம் இருக்கும் சாதாரண உருக்கு மெல்ல மெல்லத் தளர்ந்து, நீண்டது நீண்டபடியே இருந்துவிடும். பிறகு அது சுருங்கப் பார்ப்பதில்லை.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. சூடான இரும்பு பெரிதாகும். 40 சென்ரிமீற்றர் நீளமான வார்ப்பிரும்பு மனிபோல்ட் 500 பாகையால் சூடேறினால் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் நீளும். அது ஒட்டிக்கொண்டிருக்கும் எஞ்சின் பக்கமோ, தண்ணீர் ஓடிக் குளிர்ச்சியாக இருப்பதால் ஒரு மில்லிமீற்றர்கூட நீளாது. ஆகவே ஒவ்வொரு முறை கார் கிளம்பிச் சூடாகும்போதும், ஆறும்போதும் மனிபோல்ட் எஞ்சினின் மேல் பக்கவாட்டில் உரசிப் போய்வருகிறது. இதனால்தான் மனிபோல்டில் ஸ்ரட் போகும் துளைகளைச் சற்றுப் பெரிதாக விட்டிருப்பார்கள். அண்ணை நடுவிலிருந்து இறுக்கிய காரணமும் இதோடு சேர்ந்ததுதான். நடு முதலில் நிலைத்தால் துண்டு வளையாமல் இரு பக்கமும் சமமாகப் படியும்.

பக்கவாட்டில் உரசுவது ஏன் இவ்வளவு பொல்லாதது? பல காலமாக, மேலும் கீழும் இழுபடும் அதிர்வுதான் நட்டைக் கழற்றுகிறது என்று பலரும் நம்பியிருந்தார்கள். 1969 இல் ஜெர்மனியைச் சேர்ந்த கேர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியியலாளர் ஒரு பரிசோதனை இயந்திரத்தின் உதவியுடன் பக்கவாட்டு அசைவே பெரிய எதிரி என்று காட்டினார். அதை இப்படி விளங்கிக்கொள்ளலாம். மரை என்பது ஒரு தூணைச் சுற்றி ஏறும் சரிவு. சாய்த்து வைத்த பலகையில் ஒரு செங்கல்லை வையுங்கள். உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். இப்போது பலகையைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். செங்கல் பக்கவாட்டில் மட்டும் அசையாது, கீழேயும் வழுகும். நட்டும் அப்படியே. ஒவ்வொரு உரசலுக்கும் ஒரு இம்மியளவு சரிவில் இறங்குகிறது. நூறு காலைகள் காரைக் கிளப்பினால் நூறு முறை.

வளைந்த ஸ்பிறிங் வோஷரை நாங்கள் எல்லோரும் நம்பி வந்தோம். அது நட்டைக் காப்பதில்லை என்பதையும் இந்தப் பரிசோதனைகள் காட்டின. நட்டை இறுக்கியதும் அது தட்டையாகி வெறும் வோஷராகிவிடுகிறது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா 1990 இல் வெளியிட்ட கைநூலும் இதையே சொல்கிறது.

கண்டுபிடித்த மருந்துகள்

கழலாத நட்டுக்கு உலகம் பல மருந்துகள் கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் எல்லா மருந்தும் எல்லா வருத்தத்துக்கும் சரிவராது.

நட்டின் தலையில் நைலோன் வளையம் உள்ள நட்டைப் பார்த்திருப்பீர்கள். தள்ளுவண்டியிலும் சைக்கிளிலும் நல்லது. ஆனால் நைலோன் 220 பாகையளவிலேயே உருகத் தொடங்கும். மனிபோல்டில் அது ஒரு நாளும் நிற்காது. 1953 இல் அமெரிக்கப் பேராசிரியர் வேர்னன் கிரீபிள் கண்டுபிடித்த லொக்ரைற் பசையும் அவ்வாறே. அதன் சாதாரண வகைகள் 150 பாகையளவில்தான் தாக்குப்பிடிக்கும். இறுகிப்போன லொக்ரைற்றைக் கழற்றுவதற்கே மெக்கானிக்குகள் நெருப்புப் பிடிப்பது வழக்கம்.

மனிபோல்டுக்கு உகந்தவை முழுவதும் உலோகமானவை. தலைப்பக்கம் சற்று நெரிக்கப்பட்டு, மரையை எப்போதும் கவ்விப் பிடிக்கும் நட்டு ஒன்று. அதன்மேல் செம்பு பூசியிருப்பார்கள், கறள் பிடித்து ஒட்டாமல் இருக்க. ஒஸ்ரினில் பித்தளை நட்டுப் போட்டதும் இதற்காகத்தான். பித்தளை உருக்கோடு ஒட்டிக்கொள்ளாது, ஸ்ரட் முறியாமல் கழற்றலாம். இன்னொன்று, காதை மடித்து நட்டைத் திரும்பவிடாமல் தடுக்கும் தகட்டு வோஷர். மூன்றாவது, இரண்டு பாதிகளாக வரும் ஆப்பு வோஷர். நட்டுத் திரும்ப முயன்றால் ஆப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இழுவையைக் கூட்டிவிடும்.

ஆப்பு என்றதும் எங்கள் தச்சர்கள் நினைவுக்கு வருவார்கள். யப்பானில் கட்சுஹிகோ வகபயாஷி என்பவர், கோயில் வாசல் மரத்தோரணத்தில் அடித்திருந்த ஆப்பைப் பார்த்துத்தான் கழலாத நட்டு ஒன்றை உருவாக்கினார். 1974 இல் அதற்கென ஒரு கம்பனியும் தொடங்கினார். அவருடைய நட்டு இன்று சின்கான்சென் கடுகதி ரயில்களில் பயன்படுகிறது.

எளிமையான மருந்து ஒன்றும் இருக்கிறது. நீளமான ஸ்ரட் போட்டு, நட்டுக்கும் மனிபோல்டுக்கும் இடையில் ஒரு உருக்குக் குழாய்த் துண்டை வைப்பது. 25 மில்லிமீற்றருக்குப் பதில் 75 மில்லிமீற்றர் நீளம் இருந்தால் நீட்சியும் மூன்று மடங்கு. பக்கிங் ஒரு மயிரளவு அமுங்கினாலும் பாதிக்கு மேல் மிஞ்சும். கையில் சேமிப்புக் கூட உள்ள குடும்பம் ஒரு செலவு வந்தால் தாங்குவது போலத்தான்.

ஒரு நட்டுத்தானே என்று விடலாமா?

இலண்டனுக்கு வடக்கே பொற்றேர்ஸ் பார் ரயில் நிலையத்தை உங்களில் பலர் கடந்து போயிருப்பீர்கள். 2002 மே 10 ஆம் திகதி கிங்ஸ் குறொஸிலிருந்து கிங்ஸ் லின் போன ரயில் அங்கே தடம் புரண்டு 7 பேர் இறந்தார்கள். தண்டவாளம் பிரியும் இடத்தில், இரண்டு தண்டுகளையும் சேர்த்துப் பிடிக்கும் சட்டங்களின் நட்டுகள் கழன்றிருந்ததை விசாரணை வெளிப்படுத்தியது. பராமரிப்புக் குறைபாடுதான் காரணம் என்று முடிவானது. 2011 இல் நெற்வேர்க் ரயில் நிறுவனத்துக்கு 30 இலட்சம் பவுண் அபராதம் விதிக்கப்பட்டது. நட்டு ஒருநாளில் கழலவில்லை. வந்து பார்க்க வேண்டியவர்கள் சரியாகப் பார்க்கவில்லை.

காரின் மனிபோல்டில் ரயில் விபத்து நடக்காது. ஆனால் கசியும் புகையில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் மணப்பது அதனோடு சேர்ந்து வரும் மற்றப் புகையைத்தான். குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, பின் இருக்கையில் பிள்ளைகளை நித்திரையாக்கிக்கொண்டு நாங்கள் ஓடுகிறோம். மனைவிக்கு வந்த தலையிடியை நான் ஒரு கிழமை கணக்கில் எடுக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இந்த நாட்டில் 1960 முதல் இருக்கும் எம்.ஓ.ரி. பரிசோதனையில் புகைக் கசிவையும் பார்க்கிறார்கள். ஆனால் அது வருடத்தில் ஒருநாள் மட்டும்.

ஆகவே எனது அனுபவத்திலிருந்து சில விடயங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சின் "டிக், டிக்" என்று சத்தமிட்டு, சூடானதும் அடங்கினால், இரும்பு பெரிதாகி ஓட்டையைத் தற்காலிகமாக அடைக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். வருத்தம் மாறவில்லை. காருக்குள் புகை மணந்தாலோ, காரில் ஏறினால் மட்டும் தலையிடித்தாலோ கண்ணாடியைத் திறந்து, காரை நிறுத்தி, உடனே காட்டுங்கள். கராஜில் "இறுக்கிவிடுங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கிங்கும் நட்டும் புதிதா, ஸ்ரட்டின் மரை துப்புரவா, மனிபோல்டின் முகம் வளையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். காருக்குரிய கைநூல் சொல்லும் அளவில், அளவு காட்டும் ஸ்பனரால் இறுக்கச் சொல்லுங்கள். சில நாள் ஓடிய பின் ஆறிய எஞ்சினில் திரும்பப் பார்க்க வேண்டுமா என்பதையும் கைநூலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் காலப் பக்கிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. இந்த நாட்டில் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது 1999 இல்தான். பழையதை நீங்களே சுரண்டி எடுக்க வேண்டாம்.

எனது காருக்கு ஸ்ரட்டுகள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, செம்பு பூசிய நட்டுகளோடு இறுக்கினார்கள். இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, எஞ்சின் ஆறிய நிலையில் திரும்பக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொன்னேன். நடுவில் இருந்த ஒன்று இலேசாக இளகியிருந்தது. "எப்படித் தெரியும்?" என்று அந்தப் பொடியன் கேட்டான். யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொல்லித் தந்தவர் என்றேன்.

மாமாவின் கார் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு வரை ஓடியது. அதன்பின் அது என்னவானது என்று எங்களுக்குத் தெரியாது. மெக்கானிக் அண்ணையைப் பற்றியும் தகவல் இல்லை. அவரைப் போன்றவர்கள் எழுதி வைக்கவில்லை, நாங்களும் கேட்டு வைக்கவில்லை. உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் கராஜில் வேலை செய்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால், மண்ணெண்ணெயில் கார் ஓடிய விதத்தைப் பிள்ளைகளைக் கொண்டு கேட்டு எழுதி எமது நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள். ஒரு நிகழ்ச்சியாகவே செய்யலாம்.

அடுத்த மாதம் இன்னொரு உரையில் சந்திப்போம்.